இணையத்தில் எதிரே இருப்பவர் யார்? முகவரியைப் படிக்கக் கற்போம்

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு 67 வயது. போன ஆண்டு அவர் வீட்டு வாஷிங் மெஷின் பாதித் துவையலில் நின்றுவிட்டது. கைபேசியை எடுத்து, நிறுவனத்தின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்பதையும் சேர்த்துத் தேடினார். முதலில் வந்த பக்கத்தில் நிறுவனத்தின் சின்னமும் ஓர் எண்ணும் இருந்தன. அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர் நல்ல தமிழில் பொறுமையாகப் பேசினார். பதிவுக் கட்டணம் வெறும் 10 ரூபாய் என்று சொல்லி ஓர் இணைப்பை அனுப்பினார். அத்தை அதைத் திறந்து கார்டு எண்ணைப் போட்டார், வந்த ஓ.டி.பி.யையும் போட்டார். பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவையாக 24,000 ரூபாய் போய்விட்டது.

மறுநாள் காலையில் என்னிடம் அழுதுகொண்டே அவர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. “பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்துத்தானேப்பா போட்டேன்? நீதானே அப்படிச் சொல்லிக்கொடுத்தாய்?”

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பல ஆண்டுகளாக எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவருவதும் அதுதான். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை. தேடலில் முதலில் வந்தால் அதுதான் உண்மையான தளம். இன்காக்னிட்டோ என்னும் மறைநிலையில் போனால் யாருக்கும் தெரியாது. மூன்றும் அரைகுறை உண்மைகள். இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சின்ன விஷயத்தைத்தான் சொல்கின்றன. நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். நமக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறொன்று: திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார்? அதற்கான பதில் முகவரியில் இருக்கிறது. அதைப் படிக்க ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் போதும். கணினிப் படிப்பு தேவையில்லை.

விளக்குவதற்கு நமக்கெல்லாம் பழக்கமான தபாலைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

தேடுபொறி உண்மையில் என்ன செய்கிறது?

கூகுள், பிங் போன்றவை தேடுபொறிகள். நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் அவை அந்த நொடியில் உலகம் முழுக்கப் போய்த் தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். தடிமனான புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘நெல்: 14, 92, 210’ என்று போட்டிருக்கும். நெல்லைப் பற்றிப் படிக்க முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம். தேடுபொறி வைத்திருப்பதும் அப்படியொரு சொல்லடைவைத்தான், மிகப் பெரிய அளவில்.

அதைத் தயாரிக்க அவை சிறு மென்பொருள்களை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும் இந்த மென்பொருளுக்கு ஊர்வான் என்று பெயர். ஊர்வான் கொண்டுவந்த பக்கங்களிலிருந்து சொல்லடைவு உருவாகிறது. நாம் தேடும்போது அந்தச் சொல்லடைவைப் பார்த்து, பொருந்தும் பக்கங்களை ஒரு வரிசையில் அடுக்கித் தருகிறார்கள்.

அடுக்குவதுதான் கடினமான வேலை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1990-களின் இறுதியில் ஒரு வழி கண்டார்கள். ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் எத்தனை இணைப்பு கொடுக்கின்றன, இணைப்பு கொடுப்பவை எவ்வளவு மதிக்கப்படுபவை என்று பார்த்தார்கள். ஊரில் நான்கு பெரிய மனிதர்கள் கைகாட்டும் மருத்துவரை நாம் நம்புவதைப் போன்ற கணக்கு இது. 1998-இல் தொடங்கிய கூகுள் இந்தக் கணக்கின் மேல் எழுந்தது. இன்று அதோடு நூற்றுக்கணக்கான வேறு அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, வரிசையில் முன்னால் நிற்பது பொருத்தமான பக்கம் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பக்கத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்று தேடுபொறி நேரில் போய் விசாரித்துவிட்டு வருவதில்லை. எந்தச் சொற்களைப் போட்டால் பக்கம் மேலே வரும் என்பதை வணிகர்கள் படித்துவைத்திருப்பதைப் போலவே மோசடிக்காரர்களும் படித்துவைத்திருக்கிறார்கள். ‘கஸ்டமர் கேர்’, ‘ஹெல்ப்லைன்’, ‘ரீஃபண்ட்’ ஆகிய சொற்களைத் தேடுபவர் பதற்றத்தில் இருப்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வரிசைக்கும் மேலே ஒரு வரிசை

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் தன் தேடல் சொற்களுக்கு விளம்பரம் விற்கும் சேவையைத் தொடங்கியது. அன்றிலிருந்து தேடல் பக்கத்தின் உச்சியில் வருவது பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்கிய இடம். நீங்கள் தேடும் ஒவ்வொரு முறையும், கண் இமைப்பதற்குள் அந்த இடத்துக்கு ஓர் ஏலம் நடக்கிறது. அத்தையின் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். அவர் தொட்ட முதல் முடிவின் தலையில் ‘ஸ்பான்சர்டு’, அதாவது விளம்பரம், என்ற சொல் இருந்தது. கடுகு அளவு எழுத்து. அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

விளம்பரம் என்பதாலேயே அது மோசடி என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களும் விளம்பரம் தருகின்றன. ஆனால் பணம் கட்டும் இடம், தொலைபேசி எண், கடவுச்சொல் போடும் பக்கம் ஆகியவற்றைத் தேடும்போது விளம்பரத்தைத் தாண்டிக் கீழே போய்விடுவது நல்லது. அதைவிட நல்லது, அந்த எண்ணைத் தேடுபொறியிடம் கேட்காமலே இருப்பது. வாஷிங் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரிலும், உத்தரவாத அட்டையிலும் எண் அச்சிட்டிருக்கிறது. வங்கியின் எண் உங்கள் கார்டின் பின்புறமே இருக்கிறது.

வரைபடச் செயலிகளில் வரும் எண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு கடையின் எண் மாறிவிட்டால் அதைத் திருத்தப் பரிந்துரைக்கும் வசதியை அவை பொதுமக்களுக்குக் கொடுத்திருக்கின்றன. நல்ல எண்ணத்தில் கொடுத்த வசதிதான். மகாராஷ்டிரத்தில் அதையே பயன்படுத்தி, வங்கிக் கிளைகளின் பெயருக்குக் கீழே தங்கள் கைபேசி எண்களை ஏற்றி ஏமாற்றியவர்கள் உண்டு. இப்போது தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கமும் வருகிறது. அதுவும் ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் பக்கங்களிலிருந்து தொகுத்துச் சொல்வதுதான். கிணற்றில் இருப்பதுதான் வாளியில் வரும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தேடுபொறி ஒரு சொல்லடைவு. அதன் உச்சியில் விளம்பரம், கீழே பொருத்தமான பக்கங்கள். இரண்டில் எதுவும் ஆளைப் பற்றிய நற்சான்றிதழ் ஆகாது.

முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

ஒரு தபால் உறையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெயர், அதன் கீழ் வீட்டு எண், தெரு, ஊர், கடைசியில் பின்கோடு. எழுதுபவர் மேலிருந்து கீழே எழுதுகிறார். தபால் பிரிப்பவரோ கீழிருந்து மேலே படிக்கிறார். 612001 என்ற எண்ணில் முதலில் நிற்கும் 6 தமிழகம், கேரளம் அடங்கிய தென்பகுதியைக் காட்டும். 612 என்றால் கும்பகோணப் பகுதி. கடைசி மூன்று இலக்கம் குறிப்பிட்ட தபால் நிலையம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரு, அதன் பிறகுதான் வீடு. 1972-இல் பின்கோடு வந்ததிலிருந்து இப்படித்தான். உறையின் மேல்பகுதியில் ‘கலெக்டர் அலுவலகம்’ என்று யார் எழுதினாலும், கீழே இருக்கும் பின்கோடும் தெருவும் எங்கே காட்டுகின்றனவோ அங்கேதான் கடிதம் போகும்.

இணைய முகவரியும் இப்படித்தான். கீழிருந்து மேலே என்பதற்குப் பதிலாக வலமிருந்து இடம்.

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. நம்மால் எண்களை நினைவில் வைக்க முடியாது என்பதால் பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் கலிபோர்னியாவின் ஓர் ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே பட்டியலில் இருந்தன. கணினிகள் பெருகியதும் அந்தப் பட்டியல் திணறியது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயர்களை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒவ்வொருவர் பொறுப்பில் விடும் முறையை வடிவமைத்தார். இன்றும் நாம் பயன்படுத்துவது அதுதான். இப்படிப் பதிவுசெய்து வாங்கும் பெயருக்கு டொமைன் என்று பெயர்.

உண்மையான ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். பட்டா, சிட்டா பார்க்கத் தமிழக அரசு நடத்தும் தளத்தின் முகவரி:

ஈசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்

‘டாட்’ என்பது இடையில் வரும் புள்ளி. வலக்கோடியிலிருந்து தொடங்குங்கள். ‘இன்’ என்றால் இந்தியா. அதற்கு இடப்பக்கம் ‘கவ்’, அதாவது அரசு. அடுத்தது ‘டிஎன்’, தமிழ்நாடு. கடைசியாக ‘ஈசர்வீசஸ்’, அந்த அரசின் ஒரு சேவை. பின்கோடு, ஊர், தெரு, வீடு என்று போவதைப் போலவே வந்துசேர்ந்துவிட்டோம். உங்கள் பிரவுசரின் (தளங்களைத் திறந்து காட்டும் குரோம் போன்ற செயலியின்) சார்பில் முகவரியைத் தேடும் கணினியும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் விசாரிக்கிறது. முதலில் ‘இன்’ யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறது, பிறகு அவர்களிடம் ‘கவ் டாட் இன்’ எங்கே என்று கேட்கிறது.

இப்போது இதைப் பாருங்கள்:

ஈசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் டாட் எக்ஸாம்பிள் டாட் காம்

தொடக்கம் அச்சு அசலாக அதே முகவரி. கைபேசியின் குறுகிய திரையில் முதல் பாதி மட்டுமே கண்ணில் படலாம். வலப்பக்கத்திலிருந்து படித்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். ‘காம்’, அதற்கு முன் ‘எக்ஸாம்பிள்’. அங்கேயே ஆள் யார் என்பது முடிவாகிவிட்டது. இது ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ வைத்திருப்பவரின் வீடு. அதற்கு இடப்பக்கம் எழுதியிருப்பதெல்லாம் அவர் தன் வீட்டு அறைகளுக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்கள். ஒரு டொமைனை வாங்கியவர் அதன் இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என் வீட்டுக் குளியலறைக் கதவில் ‘ரிசர்வ் வங்கி’ என்று நானே எழுதி ஒட்டிக்கொள்வதைப் போல. (‘எக்ஸாம்பிள் டாட் காம்’ என்ற முகவரி இப்படி உதாரணம் காட்டுவதற்கென்றே உலக அளவில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒன்று. அதனால் யாருடைய பெயரும் கெட்டுவிடவில்லை.)

இன்னும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் இந்தப் பாடம் முடிந்தது.

முதலாவது, வலக்கோடி எது என்பது. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் பெயர் முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பது அந்த வீட்டுக்குள் இருக்கும் அலமாரி, கோப்பு போன்றவை. அங்கே வங்கியின் பெயர் இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. சாய்கோடே இல்லாவிட்டால் முகவரியின் முடிவுதான் வலக்கோடி.

இரண்டாவது, புள்ளியும் சிறுகோடும் வேறு வேறு. புள்ளி அடுக்கைப் பிரிக்கும். சிறுகோடு எதையும் பிரிக்காது; அது பெயரில் உள்ள இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். ‘டிஎன் டாட் கவ் டாட் இன்’ அரசுடையது. ‘டிஎன்-கவ்-இன் டாட் காம்’ என்றால் அந்தச் சிறுகோடுகளோடு சேர்த்து யாரோ ஒருவர் வாங்கிய ஒற்றைப் பெயர். அத்தைக்கு வந்த இணைப்பு இந்த வகை. நிறுவனத்தின் பெயர், ஒரு சிறுகோடு, ‘கேர்’, இன்னொரு சிறுகோடு, ‘ஹெல்ப்’.

மூன்றாவது, எழுத்து மயக்கம். தமிழில் ‘க’ எழுத்தையும் ‘௧’ என்ற எண்ணையும், ‘எ’ எழுத்தையும் ‘௭’ என்ற எண்ணையும் அவசரத்தில் பிரித்தறிய முடியுமா? ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற சிறிய எழுத்துகள் ஒட்டி நின்றால் ‘எம்’ போலத் தெரியும். ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கலாம். ரஷ்ய மொழியின் எழுத்துகள் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். 2017-இல் ஓர் ஆய்வாளர், முழுக்க அந்த எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலத் தோன்றும் ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். அதன் பிறகு குரோம் போன்ற பிரவுசர்கள் அந்த ஓட்டையை அடைத்தன. ஆனாலும் நம் கண்ணை மட்டும் நம்பி எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது.

அதனால்தான் கடவுச்சொல் மேலாளர் என்ற கருவியை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். உங்கள் கடவுச்சொற்களைச் சேமித்துவைத்து, உரிய தளத்தில் தானே நிரப்பும் செயலி இது. குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் உள்ளேயே இருக்கிறது. சேமித்தபோது இருந்த டொமைனும் இப்போது திரையில் இருக்கும் டொமைனும் பொருந்தினால்தான் அது நிரப்பும். ‘எம்’ போல இருக்கும் ‘ஆர்-என்’னைப் பார்த்து அது மயங்காது. எப்போதும் தானாக நிரப்பும் பக்கத்தில் ஒரு நாள் அது நிரப்பவில்லை என்றால், கையால் தட்டெழுதாமல் முகவரியைப் பாருங்கள்.

எந்த வால் யாருக்குக் கிடைக்கும்?

முகவரியின் வலக்கோடிப் பகுதியை வால் என்று வைத்துக்கொள்வோம். காம், இன், கோ டாட் இன், ஆர்க் ஆகிய வால்கள் கொண்ட பெயர்களைப் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ‘ஆர்க்’ என்றால் தொண்டு நிறுவனம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. ‘கவ் டாட் இன்’ மட்டும் இந்திய அரசு அமைப்புகளுக்கே கிடைக்கும். இலங்கையில் ‘கவ் டாட் எல்கே’ அங்குள்ள அரசுக்குரியது.

வங்கிகளுக்கும் இப்படியொரு தனி வால் வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ‘பேங்க் டாட் இன்’ என்ற வாலை அறிவித்தது. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளங்களை அதற்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெயர்களைப் பதிவுசெய்து கொடுக்கும் பொறுப்பு ஹைதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி தொடங்கிய ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் மட்டும் இருக்கிறது. சமீப காலத்தில் சாதாரண மக்களுக்காகச் செய்யப்பட்ட நல்ல காரியங்களில் இதை ஒன்றாக நினைக்கிறேன். உங்கள் வங்கி என்று சொல்லிக்கொள்ளும் இணைப்பு ‘பேங்க் டாட் இன்’ என்று முடியவில்லையா? அங்கேயே நின்றுவிடலாம். ஆனால் இந்த மாற்றம் நடந்ததைப் பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

எல்லா உண்மையான தளங்களும் காவல் உள்ள வாலில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி.யின் தளம் ‘ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்’. இந்த வால் எல்லோருக்கும் பொது. ஆகவே அடிக்கடி போகும் பத்துப் பன்னிரண்டு தளங்களின் முகவரியை ஒரு முறை சரிபார்த்து, பிரவுசரில் புக்மார்க் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தேடி, ஒவ்வொரு முறையும் புதிதாக ஏமாறும் வாய்ப்பைத் திறந்துவைக்க வேண்டாம்.

பூட்டு சொல்வது என்ன?

இனி அத்தையின் கேள்விக்கு வருகிறேன்.

அஞ்சலட்டையில் எழுதினால் வழியில் கையில் எடுப்பவர் எல்லோரும் படிக்கலாம். உறையில் போட்டு ஒட்டினால் படிக்க முடியாது. பழைய இணையத்தளங்கள் அஞ்சலட்டை போல இருந்தன. கடையின் வைஃபையில் இருந்துகொண்டு நீங்கள் தட்டெழுதியதை, அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் படித்துவிட முடிந்தது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம், இரண்டு முனைகளுக்கு மட்டுமே புரியும்படி செய்தியைக் குழப்பி அனுப்பும் முறையைப் பிரவுசரில் கொண்டுவந்தது. இதற்குக் குறியாக்கம் என்று பெயர். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் குறியாக்கம் நடக்கிறது என்று பொருள். பூட்டுப் படம் அதைத்தான் காட்டியது.

உறையை ஒட்டுவதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. திரையில் தெரியும் டொமைன் உண்மையிலேயே அந்தக் கணினிக்குரியதுதானா என்று பிரவுசர் சோதிக்கிறது. அதற்காக அந்தத் தளம் நீட்டும் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் என்று பெயர். இது எப்படிக் கிடைக்கிறது என்பதை அருகில் போய்ப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ‘இந்தப் பெயர் என்னுடையது’ என்று ஒருவர் கேட்கிறார். சான்றிதழ் தரும் அமைப்பின் கணினி, ‘அப்படியானால் நான் தரும் இந்தச் சொற்கோவையை உங்கள் தளத்தில் இந்த இடத்தில் வையுங்கள், வந்து பார்க்கிறேன்’ என்கிறது. வைத்தாயிற்று. பார்த்தாயிற்று. சான்றிதழ் வந்துவிட்டது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். உங்கள் தொழில் என்ன, நீங்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக் கதவின் சாவி உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

முன்பு இந்தச் சான்றிதழுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2015-இல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற சேவை அதை இலவசமாக்கியது. உலகத்துக்கு அது செய்த நன்மை மிகப் பெரியது. சிற்றூர்ப் பள்ளியின் தளம்கூட இன்று உறையில் போட்டு ஒட்டித்தான் அனுப்புகிறது. ஆனால் இலவசம் எல்லோருக்கும் இலவசம். மோசடித் தளங்களும் ஒரு பைசா செலவில்லாமல் பூட்டு மாட்டிக்கொண்டன. திருடனுக்கு எழுதிய கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினாலும், அது பத்திரமாகத் திருடன் கையில்தான் போய்ச் சேரும். அத்தைக்கு நடந்தது இதுதான். வழியில் யாரும் அவருடைய கார்டு எண்ணைப் படிக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

பூட்டைப் பார்த்து மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்பது தெரிந்து, 2023-இல் குரோம் பிரவுசர் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னத்தை வைத்தது. ஆனால் நாம் சொல்லிக்கொடுத்த பழைய பாடம் மட்டும் ஊருக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாக: எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் எதையும் போடாதீர்கள். அது இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் போட்டுவிடாதீர்கள். பூட்டு வழியைக் காக்கிறது. வீடு யாருடையது என்பதை முகவரிதான் சொல்லும்.

இன்காக்னிட்டோ

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மறைநிலையில் உலாவினால், சன்னலை மூடியதும் உங்கள் கருவியில் அந்த வரலாறு தங்காது. கடிதம் எழுதிவிட்டு உங்களிடம் உள்ள நகலை நீங்களே கிழித்துப்போடுவது போன்றது. கடிதம் கிடைத்தவரிடம் அது இருக்கும். எந்த ஊருக்குக் கடிதம் போனது என்பது தபால்காரருக்கும் தெரியும். அதாவது நீங்கள் போன தளம், உங்களுக்கு இணைய இணைப்பு தருபவர், அலுவலக வைஃபையை நடத்துபவர் ஆகியோரின் கண்ணிலிருந்து அது உங்களை மறைக்காது. மோசடித் தளத்தை அது அடையாளம் காட்டுவதும் இல்லை. நூலகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பொதுக் கணினியைப் பயன்படுத்தும்போது மட்டும் மறக்காமல் மறைநிலையில் போங்கள். எழுந்துபோகும்முன் எல்லாச் சன்னல்களையும் மூடுங்கள்.

நன்றாகத் தேடுவதும் பாதுகாப்புதான்

சரியான இடத்துக்கு நேராகப் போய்விடுபவர் தவறான தெருவுக்குள் நுழைவதில்லை. அதற்குச் சில பழக்கங்கள் உதவும்.

தேடும் சொற்களுக்குப் பின்னால் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ‘கவ் டாட் இன்’ வாலை ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். முடிவுகள் அரசுத் தளங்களிலிருந்து மட்டும் வரும். முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இதைவிடப் பயனுள்ள வழி எனக்குத் தெரியாது. ‘சேவைக் கட்டணம்’ வாங்கிக்கொண்டு இலவசப் படிவத்தை விற்கும் இடைத்தரகர் தளங்கள் பெரும்பாலும் இந்த ஒரே சல்லடையில் கழிந்துவிடும். ஒரு தொடர் அப்படியே வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஒரு சொல் வேண்டாம் என்றால் அதன் முன்னால் கழித்தல் குறியை ஒட்டி எழுதுங்கள்.

தமிழில் தேடும்போது எழுத்து வேறுபாட்டையும் நினைவில் வையுங்கள். கோயில் என்றும் எழுதுகிறோம், கோவில் என்றும் எழுதுகிறோம். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். வேற்றுமை உருபு சேர்த்து ‘பட்டாவுக்கு’, ‘பட்டாவில்’ என்று தேடாமல் ‘பட்டா’ என்று வேர்ச்சொல்லோடு நிறுத்துங்கள்.

ஒரு செய்தியோ மருத்துவக் குறிப்போ உண்மையா என்று பார்ப்பதற்கும் ‘யார் சொல்கிறார்கள்’ என்ற கேள்விதான் கை கொடுக்கும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் என்று 45 பேரிடம் இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அறிஞர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, அதன் அழகான வடிவமைப்பையும் சின்னத்தையும் ஆராய்ந்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் சீக்கிரமே பக்கத்தை விட்டு வெளியே வந்து, இன்னொரு சன்னலைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டில் மட்டும் விசாரிக்காமல், நான்கு வீடு தள்ளியும் விசாரிப்பார்களே, அதே முறைதான்.

பணம் போய்விட்டால்

அத்தைக்கு மாலை ஆறு மணிக்குப் பணம் போனது. என்னிடம் சொன்னது மறுநாள் காலை ஏழரை மணிக்கு. இடையில் பதின்மூன்றரை மணி நேரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. படித்தவள் இப்படி ஏமாந்தேன் என்றால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். அந்த இரவு முழுக்க அவர் தூங்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தியாவில் இதற்கென்றே 1930 என்ற எண் இருக்கிறது. அழைத்தவுடன் புகார் பதிவாகி, பணம் போன கணக்கு உள்ள வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் அந்த வங்கி நிறுத்திவைக்கும். வேறு வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தால் தகவல் அந்த வங்கிக்குப் போகும். மோசடிக்காரர் பணத்தைக் கணக்கு கணக்காக மாற்றிக்கொண்டே ஓடுகிறார், இந்த ஏற்பாடு பின்னாலேயே துரத்துகிறது. அவர் ஏதாவது ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாக எடுத்துவிட்டால் துரத்தல் முடிந்துபோகும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். 1930-க்கு அழையுங்கள். கார்டின் பின்னால் உள்ள எண்ணில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். பிறகு ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகாரைப் பதிவுசெய்யுங்கள். அந்த முகவரியையும் வலப்பக்கத்திலிருந்து படித்துவிட்டு.

காலை எட்டு மணிக்கு நாங்கள் அழைத்தபோது, இரண்டாவது தடவையாகப் போன 9,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் எடுக்கப்படாமல் இருந்தது. அதை நிறுத்திவைத்தார்கள். மீதி 15,000 முந்தைய இரவு ஒன்பது மணிக்கே எடுக்கப்பட்டுவிட்டது.